நண்பர் பெயரில் 51 சதவீதம்: வடக்கில் விமான நிறுவனம் தொடங்க நினைக்கும் வாசகருக்கு

வடமேற்கு ஒன்ராறியோவில் சிறிய விமான நிறுவனம் ஒன்றில் பிசி-12 என்ற ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டும் கப்டன் ஒருவர் எழுதியிருக்கிறார். ஸ்காபரோவில் வளர்ந்தவர். பறப்பு மணித்தியாலம் சேர்க்க வடக்கே போகும் இளம் விமானிகளைப் போலத்தான் இவரும் போனார். மற்றவர்கள் பெரிய கொம்பனிகளுக்கு மாறிப்போக, இவர் அங்கேயே நின்றுவிட்டார். ஆள் யாரென்று தெரியக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

இவரோடு வேலை செய்யும் இன்னொரு கப்டன் ஓஜி-கிரீ என்ற பூர்வகுடி இனத்தவர், வீதி போகாத ஊரொன்றில் பிறந்தவர். "டயாலிசிஸ் முடிந்து ஊர் திரும்பும் கிழவிக்கு சீட் கிடைக்காது, சுரங்கக் கொம்பனிக்காரருக்குக் கிடைக்கும். எங்கட சனத்தின்ர பிளேன் ஒன்று வேணும் என்று அவன் அடிக்கடி சொல்லுவான்" என்கிறார் வாசகர். இருவரும் சேர்ந்து பூர்வகுடிகளுக்குச் சொந்தமான சிறு விமான நிறுவனம் ஒன்றைத் தொடங்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். நண்பர் பெயரில் 51 சதவீதம், வாசகர் பெயரில் 49. காசு முழுக்க வாசகருடையது: மார்க்கம் வீட்டின் மேல் இரண்டாவது அடமானம், மாமா தரும் தொகை, ஒரு சீட்டு, போதாததற்கு வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துப் பங்கு விற்பது. இதற்கு மேல், இருவருக்குள்ளும் தனியாக ஒரு தாள் எழுதுவதாக எண்ணம். போட்ட காசு திரும்பும்வரை எல்லா முடிவும் வாசகருடையது. வாசகர் கேட்கும் நாளில் நண்பர் தன் பங்குகளை ஒரு டொலருக்குத் திருப்பித் தர வேண்டும்.

கேள்விகள் நான்கு. நண்பர் ஃபர்ஸ்ட் நேஷன் எனப்படும் பூர்வகுடியினர் என்பதால் நிறுவனத்துக்கு வரி இல்லைதானே? மருத்துவப் பயண ஒப்பந்தங்கள் தானாக முன்னுரிமையில் வந்துவிடுமா? பேஸ்புக் பக்கம் திறந்து விலையும் போட்டாயிற்று, ஒரு பாண்ட் கவுன்சில் (பூர்வகுடி ஊரொன்றின் நிர்வாக சபை) இளவேனில் காட்டு வாத்து வேட்டைப் பறப்புகளுக்கு முற்பணமும் தந்துவிட்டது; இதில் சிக்கல் உண்டா? கடைசியாக, வீட்டை அடமானம் வைக்க மனைவி பயப்படுகிறார். "அக்கா, அவவை எப்படிச் சம்மதிக்க வைக்கலாம்?"

தம்பி, உங்கள் மனைவியின் பயம் கடிதத்தில் உள்ள மிக விவேகமான வரி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நீங்கள் காண்பது வெறுங்கனவு இல்லை. கனடாவில் இதற்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றுக்கு எதிர்த்திசையில் உங்கள் திட்டம் கட்டப்பட்டிருப்பதுதான் எனக்குக் கவலை.

1975இல் கியூபெக்கின் நீர்மின் திட்டங்களை ஒட்டி ஜேம்ஸ் பே மற்றும் வடகியூபெக் உடன்படிக்கை கையெழுத்தானது. அதில் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தை நிர்வகிக்க இனுயிட் மக்கள் உருவாக்கிய மகிவிக் அமைப்பின் கீழ் 1978இல் ஏர் இனுயிட் வந்தது. கிரீ மக்கள் 1982இல் ஏர் கிரீபெக்கைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அப்போது விமானத் தொழில் அனுபவம் இல்லை. அதனால் ஆஸ்டின் ஏர்வேஸ் என்ற பழைய நிறுவனத்தைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, தொழில் பழகி, 1988இல் அதன் பங்கையும் வாங்கி முழு உரிமையாளர் ஆனார்கள். உங்கள் பக்கத்திலேயே தண்டர் பேயில் வசாயா ஏர்வேஸ் இருக்கிறது. முன்பு கெல்னர் ஏர்வேஸாக இருந்து, பல ஃபர்ஸ்ட் நேஷன்களின் கூட்டுச் சொத்தானது. யூகோனில் ஓல்ட் க்ரோ என்ற ஊருக்கு வீதியே கிடையாது. அந்த ஊரின் வுன்டுட் க்விச்சின் மக்கள், ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த ஏர் நோர்த்தில் பங்காளராகச் சேர்ந்தார்கள். தனியாளாகச் செய்தவரும் உண்டு. மெட்டி என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த டீரா ஃப்ரேசர் என்ற பெண் விமானி 2019இல் வான்கூவரில் இஸ்க்வேயோ ஏர் நிறுவனத்தைத் தொடங்கினார். பிரம்மாண்டமாக எதுவுமில்லை, பைப்பர் நவாஹோ என்ற ஒரு சிறு விமானத்தோடு தொடங்கியது அது. அடுத்த வருடமே பெருந்தொற்று வந்தது.

இவற்றில் ஒன்றிலாவது பூர்வகுடியினர் வெறும் பெயருக்கு நின்றார்களா என்று பாருங்கள். ஏர் கிரீபெக்கில் வெளிக் கூட்டாளி அனுபவத்தைக் கொண்டுவந்தார், பணமும் பெரும்பங்கும் கிரீ மக்களிடம் இருந்தன, கடைசியில் விலகிப்போனவர் கூட்டாளிதான். உங்கள் தாளில் விலகிப்போக வேண்டியவர் உங்கள் நண்பர், அதுவும் ஒரு டொலருக்கு.

அந்தத் தனித் தாள்

விமான சேவை உரிமத்தைப் பொறுத்தவரை உங்களுக்குள் யார் முடிவெடுக்கிறீர்கள் என்பது பெரிய தடையில்லை. கனேடியப் போக்குவரத்து முகவரகம் பார்ப்பது நிறுவனம் கனேடியர் கையில் இருக்கிறதா என்பதை. நீங்கள் இருவரும் குடியுரிமை உள்ளவர்கள், அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

சிக்கல், 'பூர்வகுடி நிறுவனம்' என்று சொல்லி அரசாங்க வேலை கேட்கும்போது வருகிறது. மத்திய அரசின் பூர்வகுடி வணிகக் கொள்முதல் திட்டத்துக்குக் குறைந்தது 51 சதவீதம் உரிமையும் வேண்டும், கட்டுப்பாடும் வேண்டும். பலர் முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டு வந்து என் முன்னால் உட்காருகிறார்கள். உங்கள் தாள் அந்த இரண்டாம் பாதியைக் கொன்றுவிடுகிறது. கணக்காய்வாளர் ஒருவர் அதைக் கண்டால் நிறுவனம் அரசின் பூர்வகுடி வணிகப் பட்டியலிலிருந்து போகும், ஒப்பந்தம் ரத்தாகும். தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தீர்கள் என்றால் மோசடிக் குற்றச்சாட்டுவரை போகலாம். "யாருக்குத் தெரியப்போகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அரைவ்கான் என்ற பெருந்தொற்றுக்கால எல்லைச் செயலியின் ஒப்பந்த விவகாரத்துக்குப் பிறகு 2024இல் நாடாளுமன்றக் குழு இந்த முகமூடி நிறுவனங்களைப் பற்றித்தான் குடைந்து குடைந்து கேட்டது. தாளை மறைத்து வைக்கலாம். நண்பருக்கும் உங்களுக்கும் மனக்கசப்பு வரும் நாளில் அதை வெளியே எடுத்துப் போடப்போவது உங்கள் இருவரில் ஒருவர்தான்.

நண்பரின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். அவர் பதிவில் இயக்குநராக இருப்பார். நிறுவனம் விழுந்தால் ஊழியர்களின் ஆறு மாதம் வரையான சம்பளப் பாக்கிக்கும், சம்பளத்தில் பிடித்துக் கட்டாமல் விட்ட வரிக்கும் இயக்குநர்கள் சொந்தக் கையிலிருந்து பொறுப்பாகக்கூடும். அதிகாரம் உங்களிடம், பொறுப்பு அவரிடம். இப்படி ஒரு தாளில் அவரைக் கையெழுத்து வைக்கச் சொல்வது நட்புக்கு அடுக்குமா?

உங்கள் காசைக் காப்பாற்ற நேர்மையான வழிகள் உண்டு. போடும் பணத்தைப் பங்காக இல்லாமல் நிறுவனத்துக்கான கடனாக எழுதி, விமானத்தின் மேல் பிணை வாங்கலாம். இலாபத்தில் முதல் உரிமையுள்ள முன்னுரிமைப் பங்குகளை எடுக்கலாம். விமானத்தை விற்பது, குறித்த தொகைக்கு மேல் கடன் வாங்குவது, நிறுவனத்தைக் கலைப்பது போன்ற சில பெரிய முடிவுகளுக்கு உங்கள் சம்மதமும் தேவை என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதலாம். சிறுபான்மைப் பங்காளருக்கு இந்தப் பாதுகாப்பு சாதாரணமாகக் கொடுக்கப்படுவதுதான். பிரிய நேர்ந்தால் சுதந்திரமான மதிப்பீட்டாளர் சொல்லும் விலைக்கு வாங்கலும் விற்றலும் நடக்கட்டும். "நான் சொல்லும் விலைக்கு நீ வாங்கு, இல்லாவிட்டால் அதே விலைக்கு எனக்கு விற்று விடு" என்ற வகை நிபந்தனையை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். அது எப்போதும் கையில் காசுள்ளவருக்குத்தான் சாதகம், இங்கே அது நீங்கள். நாளை நண்பரின் ஊர் உங்களை எப்படிப் பார்க்கும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

வரி, ஒப்பந்தம்: இரண்டு தவறான நம்பிக்கைகள்

கனடாவின் பூர்வகுடிகள் தொடர்பான இந்தியன் சட்டத்தின் 87ஆம் பிரிவு தருவது, பதிவுபெற்ற ஃபர்ஸ்ட் நேஷன் நபருக்கோ பாண்ட் எனப்படும் அவர்களின் சமூகத்துக்கோ ரிசேர்வில் (அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தில்) உள்ள சொத்துக்கு வரிவிலக்கு. ஒரு நிறுவனம் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதற்கு இனப் பதிவு கிடையாது. நூறு வீதமும் நண்பருடையதாக இருந்தாலும், ரிசேர்வுக்குள்ளேயே பலகை மாட்டினாலும், நிறுவனத்தின் இலாபத்துக்கு அந்த விலக்கு இல்லை. நண்பரின் சம்பளத்துக்கு விலக்கு உண்டா என்பது வேறு கேள்வி. 1992இல் வில்லியம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அந்த வருமானத்தை ரிசேர்வோடு இணைக்கும் காரணிகள் எவை என்று எடைபோட்டுத்தான் முடிவாகும். பெரும்பகுதி நேரம் ரிசேர்வுக்கு வெளியே பறக்கும் ஒருவருக்கு அதை எழுதிவைத்து நம்ப முடியாது. பல பூர்வகுடி வணிகங்கள் மட்டுப்படுத்தப்பட்ட கூட்டாண்மை வடிவத்தில் இயங்குவதற்கு வரியும் ஒரு காரணம். அதில் வருமானம் நேரே பங்காளர்களிடம் போகும். பங்காளர் ஒரு பாண்டாக இருக்கும்போதுதான் அதற்கு முழுப் பொருள் வருகிறது.

அதே சட்டத்தின் 89ஆம் பிரிவையும் வாசித்துவிடுங்கள். ரிசேர்வில் உள்ள ஃபர்ஸ்ட் நேஷன் சொத்தை வெளிக் கடன்காரர் பறிமுதல் செய்ய முடியாது. மக்களைக் காக்க வந்த பிரிவு அது. வங்கிகள் கைவிரிப்பதற்கும் அதுவே காரணம். நண்பரின் ஊர் வீட்டைப் பிணையாகக் காட்டலாம் என்ற உங்கள் வரியை அடித்துவிடலாம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பூர்வகுடி நிதி நிறுவனங்கள் இருக்கின்றன. தண்டர் பேயில் உள்ள நிஷ்னாவ்பே அஸ்கி அபிவிருத்தி நிதியத்தை நண்பர் போய்ப் பார்க்கட்டும். அவர் பெயரில், அவர் எழுதிய திட்டத்தோடு, அவரே பேச வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தால் கேட்பவருக்கு விஷயம் விளங்கிவிடும்.

மருத்துவப் பயணத்துக்கு வருவோம். பதிவுபெற்ற ஃபர்ஸ்ட் நேஷன், இனுயிட் மக்களின் மருத்துவப் பயணச் செலவை மத்திய அரசின் காப்பீடற்ற சுகாதார நன்மைத் திட்டம் ஏற்கிறது. அதுதான் வடக்கின் பல பறப்புகளுக்கு அடித்தளம். ஆனால் பூர்வகுடி நிறுவனம் என்பதற்காக அது தானாக வந்து மடியில் விழாது. 2021இல் மத்திய அரசு தன் ஒப்பந்தங்களின் பெறுமதியில் குறைந்தது 5 சதவீதம் பூர்வகுடி வணிகங்களுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தது உண்மை. அந்த இலக்கு கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே விலையும் பாதுகாப்புப் பதிவும் குறித்த நேரத்துக்குப் போகும் திறனும் கேட்கப்படும். உங்களுக்கு நிஜமான வாடிக்கையாளர் ஒட்டாவாவை விட பாண்ட் கவுன்சில்களும் பழங்குடி மன்றங்களும்தான். ஆசிரியர், தாதி, இறுதிச் சடங்குக்குப் போகும் குடும்பம், ஹொக்கி விளையாடப் போகும் பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றி இறக்குவது அவர்களின் வேலை. நிறுவனம் அவர்களுக்கே சொந்தமாக இருந்தால் சீட் நிரம்பும். வாடிக்கையாளரே உரிமையாளராக இருந்ததுதான் ஏர் கிரீபெக் இத்தனை காலம் நின்றதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. டிக்கெட் விலை கொள்ளை என்றும், நீங்கள் வந்தால் பாதியாக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போகும்போது பால், பம்பர்ஸ், மோட்டார் உதிரிப்பாகம் எல்லாம் வலையைக் கட்டி நிரப்பிக்கொண்டு போகிறீர்கள். திரும்பும்போது? இரண்டு பேரும் ஒரு மருத்துவ மாதிரிப் பெட்டியும். எரிபொருளும் அங்கே பறந்தோ பனிவீதியிலோதான் வந்து சேருகிறது. சரளைக்கல் ஓடுபாதை டயரையும் புரொப்பெல்லரையும் தின்கிறது. இதெல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் வணிகத் திட்டத்தில் இரண்டு வழிக்கும் சீட் நிரம்பியதாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

வாங்கிய முற்பணம்

இது அவசரம். கனடா போக்குவரத்துச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி, உரிமம் தேவைப்படும் விமான சேவையை உரிமம் கையில் இல்லாமல் விற்கக்கூடாது, பகிரங்கமாக விற்பனைக்கு வைக்கவும் கூடாது. விலை போட்ட பேஸ்புக் பக்கமும் அதற்குள் வரும். பக்கத்தை இன்றே இறக்குங்கள். பாண்ட் கவுன்சிலின் பணத்தைக் கடிதத்தோடு முழுமையாகத் திருப்பிக் கொடுங்கள். அது ஊர்ப் பணம். கவுன்சில் அதற்கு ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். வேட்டைக்காலம் காத்திருக்காது என்பதால், உரிமமுள்ள வேறொரு நிறுவனத்தோடு அவர்களை இணைத்துவிடுங்கள். அது உங்கள் போட்டியாளராக இருந்தாலும் பரவாயில்லை. உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும் நேரத்தில் இப்படி ஒரு குறை கோப்பில் கிடப்பது நல்லதில்லை.

உரிமம் என்றால் இரண்டு கதவு. ஒன்று போக்குவரத்து முகவரகத்தின் உள்நாட்டு உரிமம். உங்கள் அளவு விமானங்களுக்கு, பெரிய விமான நிறுவனங்களிடம் கேட்பதுபோல நிதி ஆதாரம் காட்டச் சொல்லிக் கேட்பதில்லை. காப்புறுதி கட்டாயம்: பயணிகளுக்காகவும், விமானத்தின் எடைக்கேற்ப மூன்றாம் தரப்புக்காகவும் சட்டம் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. புதிய நிறுவனத்துக்குக் கட்டணம் எவ்வளவு என்று ஒரு காப்புறுதித் தரகரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்த ஒரு தாள் உங்கள் திட்டத்தின் பாதியை மாற்றிவிடும்.

மற்றது ட்ரான்ஸ்போர்ட் கனடாவின் விமான இயக்குநர் சான்றிதழ். ஒன்பது பயணிகள் வரையான விமானம் என்பதால் நீங்கள் 703ஆம் உட்பிரிவில், ஏர் டாக்சி வகையில் வருவீர்கள். செயற்பாட்டு முகாமையாளர், தலைமை விமானி, பராமரிப்புக்குப் பொறுப்பானவர் என்று பெயர் சொல்லி ஆட்களைக் காட்ட வேண்டும். கையேடுகள், பயிற்சித் திட்டம், அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனத்தோடு ஏற்பாடு எல்லாம் முன்கூட்டியே தயாராக வேண்டும். உங்கள் கடிதத்தில் வாலில் வரையப்போகும் காட்டு வாத்துப் படத்தைப் பற்றி ஒரு பந்தி இருக்கிறது. எஞ்சினைக் கழற்றப்போகிறவர் யார் என்று ஒரு வரி இல்லை. வடக்கில் நல்ல விமானப் பராமரிப்புப் பொறியியலாளர் கிடைப்பது நல்ல விமானி கிடைப்பதைவிடக் கடினம் என்று உங்கள் தொழிலில் உள்ளவர்களே என்னிடம் புலம்புகிறார்கள். அவர் யாரென்று தெரியாமல் விமானத்துக்கு முற்பணம் கட்டாதீர்கள். பறக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எஞ்சின் மறுசீரமைப்புக்கென ஒரு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து சம்பளம் கொடுக்கத் தொடங்கிய நிறுவனம் எழும்பினது குறைவு.

2022 டிசம்பரிலிருந்து விமானிகளின் களைப்பு தொடர்பான புதிய கடமைநேர விதிகள் சிறு நிறுவனங்களுக்கும் வந்துவிட்டதை நீங்கள் காக்பிட்டிலிருந்து அறிவீர்கள். முதலாளியாகப் பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்: "நானும் அவனும் மாறி மாறி ஓட்டுவம்" என்ற கணக்கு சரிவராது. நீங்கள் இருவரும் மேலே இருக்கும்போது கீழே தொலைபேசி எடுக்கவும் ஒருவர் வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பார்க்கும் வழிகள்

சொந்தச் சான்றிதழ் இல்லாமலே தொடங்க ஒரு வழி உண்டு. சேவையை நீங்கள் ஒழுங்குசெய்து டிக்கெட்டை விற்பீர்கள். பறப்பது உரிமமுள்ள வேறு நிறுவனம். 2016இல் நியூலீஃப் என்ற நிறுவனம் ஃப்ளேயரின் விமானங்களை வைத்து இப்படி வந்தபோது, விமானத்தை இயக்குபவர் என்று காட்டிக்கொள்ளாதவரை இப்படி மறுவிற்பனை செய்பவருக்குத் தனி உரிமம் தேவையில்லை என்று முகவரகம் தீர்மானித்தது. பறப்பவர் யார் என்பதைப் பயணிக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், இலாபம் மெல்லியது, மற்றவரின் அட்டவணைக்குக் கட்டுப்பட வேண்டும். ஆனால் வீடு போகாது. எந்த ஊருக்கு எந்தக் கிழமை எத்தனை பேர் உண்மையாகவே காசு கொடுத்து ஏறுகிறார்கள் என்று ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் பார்த்துவிடலாம். எந்த வங்கிக்காரரும் உங்கள் வாய்ப்பேச்சைவிட அந்தக் கணக்கைத்தான் நம்புவார்.

இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கும் சிறு நிறுவனம் ஒன்றின் பங்குகளை வாங்குவது. விமான இயக்குநர் சான்றிதழைத் தனியே விற்கவோ வாங்கவோ முடியாது. நிறுவனத்தையே வாங்கினால், முக்கிய பதவியாளர்கள் தொடர்ந்தால், சான்றிதழும் அதோடு இருக்கும். ஓய்வெடுக்க நினைக்கும் முதலாளிகள் வடக்கில் இருக்கிறார்கள். அவர்களின் கடனும் பழைய வழக்குகளும் சேர்ந்தே வரும் என்பதால் முழு ஆய்வு இல்லாமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, மிக மெதுவானதும் அதுதான்: நண்பரின் ஃபர்ஸ்ட் நேஷன், முடிந்தால் அயல் ஊர்களும் சேர்ந்து, தங்கள் அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் வழியாகப் பெரும்பங்கு எடுப்பது. நண்பர் சொந்தப் பெயரில் ஒரு பங்கு வைக்கலாம். நீங்கள் சிறுபங்கோடு செயற்பாட்டை நடத்துவீர்கள். இந்தியன் சட்டத்தின் கீழ் தேர்தல் நடத்தும் ஊர்களில் தலைவருக்கும் கவுன்சிலுக்கும் இரண்டு வருடப் பதவிக்காலம். இன்று தலையசைத்தவர் நாளை இல்லாமல் போகலாம். அதனால்தான் கவுன்சிலுக்கும் நிறுவனத்துக்கும் நடுவே கூட்டுத்தாபனம் வேண்டும். இயக்குநர் சபையில் ஊருக்கு வெளியே தொழில் தெரிந்த ஒருவரும் வேண்டும். கவுன்சில் தீர்மானம் எழுத்தில் வரும்வரை ஊர்க்கூட்டங்களுக்குப் போய் உட்காருங்கள். நண்பர் பேசட்டும், நீங்கள் தேநீர் குடியுங்கள்.

முதல் வழியில் தொடங்கி மூன்றாவதை நோக்கி நடப்பது உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். பெரியவர்களுக்கே இந்தத் தொழில் எவ்வளவு பாரம் என்பதை ஒருமுறை பாருங்கள். இனுயிட், இனுவியலுயிட் அமைப்புகளுக்குச் சொந்தமாயிருந்த கனேடியன் நோர்த், 2019இல் ஃபர்ஸ்ட் ஏரோடு இணைந்து வட துருவப் பகுதி முழுவதும் பறந்தது. அதையே 2025இல் வின்னிபெக்கில் தலைமையகம் உள்ள எக்ஸ்சேஞ்ச் இன்கம் கோர்ப்பரேஷனுக்கு விற்றுவிட்டார்கள்.

வெளியேறுவதற்கும் விதி உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஒரு ஊருக்கு ஒழுங்கான சேவை நடத்திவிட்டு நீங்கள் விலகினால் அங்கே ஒரே ஒரு நிறுவனமோ ஒன்றுமே இல்லாத நிலையோ வரும் என்றால், பொதுவாக 120 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த நான்கு மாதமும் நட்டத்தில் பறக்கக் காசு வேண்டும்.

வீடு, சீட்டு, வாட்ஸ்அப்

ஒன்ராறியோ குடும்பச் சட்டத்தின்படி குடும்பம் வாழும் வீட்டை, அது உங்கள் பெயரில் மட்டும் இருந்தாலும், மனைவியின் சம்மதமின்றி அடமானம் வைக்க முடியாது. இது அவர் காட்டும் தயவல்ல, அவர் உரிமை. சம்மதிக்க வைக்கும் உபாயத்தை என்னிடம் கேட்காதீர்கள். அவர் தனியாக, உங்களைக் கூட்டிக்கொண்டு போகாமல், வேறு ஒரு சட்டத்தரணியைப் பார்க்கட்டும். உண்மையான கணக்கைக் கண்டபின்னும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வீட்டைத் தொடாத ஒரு திட்டம் உங்களிடம் இருக்க வேண்டும், முதல் வழி அதற்கு இடம் தருகிறது.

சீட்டு எடுத்து விமான நிறுவனம் தொடங்குவது அடுத்த மாதமே தவணை கட்டத் தொடங்குவது. சான்றிதழுக்குக் காத்திருக்கும் மாதங்களில் நிறுவனத்துக்கு ஒரு சதமும் வராது, சம்பளமும் காப்புறுதியும் ஹங்கர் வாடகையும் மட்டும் போய்க்கொண்டிருக்கும். வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் பங்கு விற்பதும் வேண்டாம். குடும்பத்தவர், நெருங்கிய நண்பர் என்று ஊழியர் நீங்கலாக 50 பங்குதாரருக்குள் நிற்கும் தனியார் நிறுவனத்துக்குப் பிணையங்கள் சட்டத்தில் விலக்கு உண்டு. உங்கள் மாமா அதற்குள் வருவார். குழுவில் இருக்கும் உங்கள் நண்பரின் மைத்துனரின் பக்கத்துவீட்டுக்காரர் வரமாட்டார்.

இப்போதைய வேலையைப் பற்றியும் ஒரு சொல். ஒன்ராறியோ 2021இல் போட்டித்தடை ஒப்பந்தங்களைத் தடைசெய்துவிட்டதால் பயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விமானப் போக்குவரத்து மத்திய அரசின் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருவது. அந்த மாகாணத் தடை உங்களைக் காக்காது. பயிற்சிச் செலவுக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் இருந்தால் அதையும் தேடி எடுங்கள். முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியல், விலைப்பட்டியல், அட்டவணை எதையும் உங்கள் கைபேசியில் பிரதி எடுக்காதீர்கள். எடுத்திருந்தால் அழிக்க முன் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். அவசரப்பட்டு அழிப்பது வேறு வகைச் சிக்கலைக் கொண்டுவரும்.

நான் எழுதியிருப்பது கடிதத்தை மட்டும் வைத்து. ஆவணங்களைப் பார்த்தால் சில விஷயங்கள் மாறலாம். என்னிடமோ வேறொருவரிடமோ போகும்போது வேலை ஒப்பந்தம், பாண்ட் கவுன்சில் அனுப்பிய மின்னஞ்சல், பணம் வந்த வங்கிக் கணக்குத் தாள், எழுத நினைத்த அந்தத் தாளின் வரைவு ஆகியவற்றைக் கொண்டு போங்கள். உங்களுக்காகப் பேசும் சட்டத்தரணி உங்கள் நண்பருக்காகவும் பேச முடியாது, நலன்கள் மோதும். ஃபர்ஸ்ட் நேஷன் சட்டம் தெரிந்த ஒருவர் அவர் பக்கம் தனியாக இருக்கட்டும், அவரை நண்பரே தெரிவு செய்யட்டும். அந்தச் சட்டத்தரணி கேட்கப்போகும் முதல் கேள்வியை நீங்களே இன்றிரவு நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்: இந்த நிறுவனம் உன்னுடையதாக இருந்தால், உன் பங்கில் எவ்வளவை ஊருக்குக் கொடுப்பாய்? அவர் பதிலைத் தெரிந்துகொண்டு எனக்கு எழுதுங்கள். பங்குப் பிரிப்பை அங்கிருந்து தொடங்கலாம்.